ஸ்கின்னரின் நூலுக்கு வாய்த்த இரண்டாம் வாழ்வு

மொழியியல் துறையில் சில நூல்கள் மறுக்கப்பட்ட காரணத்தாலேயே நினைவில் நிற்கின்றன. பி. எஃப். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட 'வெர்பல் பிஹேவியர்' அத்தகையது. இரண்டாண்டுகள் கழித்து, அப்போது முப்பது வயதே ஆன நோம் சாம்ஸ்கி 'லாங்குவேஜ்' ஆய்விதழில் அந்நூலுக்கு ஒரு நீண்ட மதிப்புரை எழுதினார். மதிப்புரையைப் படித்தவர்கள் மிகப் பலர். நூலைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலர். முதுகலை மாணவர்களுக்கு இந்த வரலாறு பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லப்படுகிறது: 1959இல் நடத்தைவாதம் மொழியியலிலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்த வரியில் பிழையில்லை. ஆனால் வெளியேறிய நூல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்வதில்லை. அது போய்ச் சேர்ந்த இடம், பேசாத குழந்தைகளின் பயிற்சி அறை. அங்கே இன்றும் அதன் கலைச்சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன.

இதற்குப் பின்னணியாக உள்ள கோட்பாடு தமிழ்நாட்டில் பி.எட். படித்த எவருக்கும் புதிதல்ல. 'செயல்படு ஆக்கநிலையிறுத்தம்' என்ற நாவைச் சுழற்றும் தொடரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பர். தொடர் கடினமானது, கருத்து எளியது. ஓர் உயிர் ஒரு செயலைச் செய்கிறது. அதைத் தொடர்ந்து ஒரு விளைவு நேர்கிறது. அவ்விளைவைப் பொறுத்து அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு கூடும் அல்லது குறையும். 1898இல் எட்வர்ட் தார்ண்டைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இதற்கு அடித்தளம் இட்டது. பசித்த பூனையை மரக்கூண்டில் அடைத்து, வெளியே உணவு வைத்து, அது தாழ்ப்பாளைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அவர் குறித்துவந்தார். பூனைக்குத் திடீரென ஞானோதயம் எதுவும் ஏற்படவில்லை. பயனற்ற அசைவுகள் மெல்ல மெல்ல உதிர்ந்தன, பயன் தந்தவை நிலைத்தன. இதையே அவர் பின்னாளில் 'விளைவு விதி' என்றார். நன்மை தரும் விளைவு செயலை வலுப்படுத்துவதுபோலவே தீமை தரும் விளைவு அதை வலுவிழக்கச் செய்யும் என்று முதலில் கருதியவர், 1930களில் பிற்பாதியைக் கைவிட்டார். தண்டனை, பரிசின் நேர் எதிர்ப்பதமாக வேலை செய்யவில்லை. இந்தத் திருத்தம் பாடநூல்களில் போதிய இடம் பெறாதது வருந்தத்தக்கது.

ஸ்கின்னர் உளவியலுக்கு வந்த வழி விந்தையானது. 1904இல் பென்சில்வேனியாவில் பிறந்த அவர், ஆங்கில இலக்கியம் படித்து, எழுத்தாளராக வேண்டும் என்று ஓராண்டுக்கு மேல் வீட்டில் அமர்ந்து முயன்று தோற்றவர். 1928இல் ஹார்வர்டில் உளவியல் மாணவராகச் சேர்ந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தவை சொற்களின்மீது ஆர்வமும் கைவினைத் திறனும். நெம்புகோலை எலி அழுத்தினால் உணவுருண்டை விழும் பெட்டியை அவரே அமைத்தார். ஒவ்வோர் அழுத்தத்தையும் ஒரு பேனா காகித உருளையில் கோடாக வரைந்தது. அவர் கண்டவற்றுள் இரண்டு, விபத்துகளால் கிடைத்தவை. ஒருமுறை உணவு விழும் கருவி சிக்கிக்கொண்டது. எலி அழுத்திக்கொண்டே இருந்து, பிறகு படிப்படியாக நிறுத்தியது. விளைவு நின்றபின் செயல் எவ்வாறு மறைகிறது என்பதன் வரைகோடு அவருக்கு அப்படித்தான் கிடைத்தது. அந்த வார இறுதியில், தான் இறந்துபோனால் இந்தக் கண்டுபிடிப்பும் தன்னோடு போய்விடுமே என்று தெருவைக்கூட மிகுந்த எச்சரிக்கையோடு கடந்ததாகப் பின்னர் எழுதினார். இன்னொரு சனிக்கிழமை, கையால் செய்த உணவுருண்டைகள் திங்கட்கிழமைக்குள் தீர்ந்துவிடும் என்று கண்டு, எல்லா அழுத்தத்துக்கும் உணவு தராமல் இடைவெளி விட்டுத் தந்தார். எலி சோர்ந்துவிடவில்லை. சிக்கனத்தில் பிறந்த அந்த முறையே இடைவிட்ட வலுவூட்டல் பற்றிய ஆய்வாக வளர்ந்தது. எப்போதாவது கிடைக்கும் பரிசு தவறாமல் கிடைக்கும் பரிசைவிட ஆழமாகப் பழக்கத்தை ஊன்றும் என்பதைச் சூதாட்ட இயந்திரம் செய்தவர்கள் எந்த ஆய்வகமும் சொல்லாமலே அறிந்திருந்தனர் என்பது வேறு கதை.

1938இல் வெளியான 'தி பிஹேவியர் ஆஃப் ஆர்கனிசம்ஸ்' என்ற நூலில் தண்டனை பற்றிய சோதனையும் உண்டு. நெம்புகோலை அழுத்தப் பழகிய எலிகளுக்கு உணவு நிறுத்தப்பட்டது. அவற்றுள் சிலவற்றுக்கு, அழுத்தியபோது நெம்புகோலே காலைத் தட்டிவிடும்படி செய்யப்பட்டது. அடிபட்ட எலிகள் உடனே ஒதுங்கின. ஆனால் தட்டுவது நின்றபின் மெல்லத் திரும்பி வந்து, அடிபடாத எலிகள் அழுத்திய மொத்த எண்ணிக்கையை எட்டிப்பிடித்தன. அடி செயலை ஒளித்துவைத்தது, அழிக்கவில்லை. இந்த முடிவை வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவரின் பெயரால் பின்னாளில் குழந்தைகளுக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது என்பதைச் சற்றுப் பின்னர் காணலாம்.

1943இல் மினியாபொலிஸ் நகரின் ஒரு மாவு ஆலையின் மேல்தளத்தில், ஏவுகணைக்கு வழிகாட்டப் புறாக்களைப் பயிற்றும் போர்க்காலத் திட்டத்தில் ஸ்கின்னரும் மாணவர்களும் ஈடுபட்டிருந்தனர். புறாக்கள் கற்றுக்கொண்டன; இராணுவம் நம்பவில்லை; மறு ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அரசின் முடிவுக்காகக் காத்திருந்த நாள் ஒன்றில், ஒரு புறாவுக்குப் பந்தை அலகால் தட்டக் கற்பிக்க முனைந்தபோது ஒரு நுட்பம் கைவந்தது. முழுச் செயல் நிகழட்டும் என்று காத்திராமல், பந்தைப் பார்த்தால் உணவு, நெருங்கினால் உணவு, தொட்டால் உணவு என்று சிறுசிறு படிகளுக்குப் பரிசளித்தால் சில நிமிடங்களில் புதிய செயல் உருவாகிவிடுகிறது. வனைதல் எனத்தக்க இம்முறைதான் பிற்காலத்தில் சிகிச்சை அறைக்குள் நுழைந்தது.

மொழி பற்றிய நூலுக்கு வித்திட்டது 1934இல் ஹார்வர்டில் நடந்த ஒரு விருந்து. மெய்யியலாளர் ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட்டின் அருகே அமர்ந்த இளம் ஸ்கின்னர், நடத்தைவாதம் எல்லாவற்றையும் விளக்கும் என்று உற்சாகமாக வாதாடினார். முதியவர் பொறுமையாகக் கேட்டபின், மொழியை மட்டும் விளக்க முடியாது என்றார். இந்த மேசைமீது கரிய தேள் எதுவும் விழவில்லை என்று தாம் இப்போது சொன்னால், அதை ஏன் சொன்னார் என்பதை விளக்கிக் காட்டு என்று சவால் விட்டார். மறுநாள் காலையே ஸ்கின்னர் நூலின் வரைவைத் தொடங்கினார். முடிக்க இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

அந்நூலின் அடிப்படைக் கேள்வி, மொழியியலாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி அன்று. ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று ஸ்கின்னர் கேட்கவில்லை. அது எந்தச் சூழலில் எழுகிறது, எழுந்தபின் என்ன கிடைக்கிறது என்று கேட்டார். தாகத்தில் தவிக்கும் குழந்தை 'தண்ணி' என்கிறது, குவளை வருகிறது. குளத்தைக் கண்ட குழந்தை 'தண்ணி' என்கிறது. 'ஆமாம்' என்ற புன்னகை வருகிறது. அம்மா 'தண்ணி' என்றதும் குழந்தை திருப்பிச் சொல்கிறது. 'மீன் எங்கே இருக்கும்?' என்று கேட்டதும் 'தண்ணி' என்கிறது. அகராதிக்கு இது ஒரே சொல். ஸ்கின்னருக்கு இவை நான்கு வெவ்வேறு செயல்கள். ஒவ்வொன்றையும் நிலைநிறுத்தும் காரணம் வேறு. முதலாவதற்கு 'மேண்ட்', இரண்டாவதற்கு 'டேக்ட்' என்று பெயரிட்டார். மற்ற இரண்டுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. இச்சொற்கள் அவரே உருவாக்கியவை. தோற்றுப்போன எழுத்தாளரின் சொல்லாசை இங்கே வெளிப்பட்டது எனலாம்.

சாம்ஸ்கியின் தாக்குதல் கூர்மையானது. ஓர் ஓவியத்தைக் காணும் ஒருவர் 'டச்சு ஓவியம்' என்று சொல்லலாம், சுவரோடு பொருந்தவில்லை என்று சொல்லலாம், கோணலாகத் தொங்குகிறது என்று சொல்லலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் அதற்கேற்ற ஒரு தூண்டல் ஓவியத்திலே இருந்தது என்று பேச்சைக் கேட்டபிறகு சொல்வது விளக்கம் ஆகாது. வலுவூட்டல் என்ற சொல்லும் ஆய்வகத்தில் உணவுருண்டையைக் குறித்தது; நூலிலோ, என்றோ தன் எழுத்தைப் படிக்கப்போகும் வாசகரை எண்ணி எழுத்தாளன் அடையும் மகிழ்ச்சியையும் குறித்தது. இவ்வளவு நீளும் சொல் எதையும் அளக்காது. இதற்கு முன் யாரும் சொல்லாத வாக்கியத்தை எந்தக் குழந்தையும் சொல்ல முடிகிறதே, அதற்கு எந்தப் பரிசு முன்பு கிடைத்தது?

1970இல் ரோஜர் பிரவுனும் கமில் ஹேன்லனும் வெளியிட்ட ஆய்வு வேறொரு திசையிலிருந்து அதே முடிவுக்கு வலுச்சேர்த்தது. வீட்டில் தாயும் குழந்தையும் பேசியதன் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். குழந்தை இலக்கணப் பிழையோடு உண்மையைச் சொன்னபோது தாய் ஆமோதித்தாள். பிழையற்ற வாக்கியத்தில் தவறான செய்தியைச் சொன்னபோது திருத்தினாள். பரிசு உண்மைக்குக் கிடைத்தது, இலக்கணத்துக்கு அல்ல. இப்படி வளர்க்கப்பட்டவர்கள் இலக்கணம் வழுவாமலும் உண்மை வழுவியும் பேசுகிறார்களே என்று ஆய்வாளர்களே வேடிக்கையாக வியந்தனர். இலக்கணம் எவ்வாறு வருகிறது என்ற கேள்வியில் ஸ்கின்னர் தோற்றார் என்பதை இதற்குப் பின்னும் மறுப்பது வீண்.

ஆயினும் மதிப்புரை முற்றிலும் நேர்மையான வாசிப்பு என்று சொல்வதற்கில்லை. தூண்டலுக்குத் துலங்கல் என்ற பழைய நடத்தைவாதத்தின் பழிகள் பலவற்றைச் சாம்ஸ்கி ஸ்கின்னரின் தோளில் ஏற்றினார். ஸ்கின்னரின் கோட்பாட்டிலோ செயலை வரையறுப்பது முன்னால் வரும் தூண்டலைவிடப் பின்னால் வரும் விளைவே. கென்னத் மக்கார்க்கடேல் 1970இல் இதைச் சுட்டி ஒரு மறுமொழி எழுதினார். அதற்குள் பதினோராண்டுகள் ஓடிவிட்டன. ஸ்கின்னர் தாமே மறுமொழி எழுதவில்லை. சில பக்கங்கள் படித்துவிட்டு, தம் கருத்து புரிந்துகொள்ளப்படவில்லை என்று ஒதுக்கிவைத்ததாகச் சொன்னார். இந்த மௌனம் பெருந்தன்மையா அகந்தையா என்பது விவாதத்துக்கு உரியது. அறிவுலகில் அதன் விலை மட்டும் பெரிது.

கோட்பாட்டின் எல்லையை உள்ளிருந்தே காட்டியவர்களும் உண்டு. புறாத் திட்டத்தில் பணியாற்றிய மாணவர்களான கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் 1947இல் விலங்குகளைப் பயிற்றும் தொழிலைத் தொடங்கினர். 38 இனங்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைப் பயிற்றிய பின்னர், 1961இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆசிரியரின் 1938ஆம் ஆண்டு நூல் 'உயிரிகளின் நடத்தை' என்றால், இவர்களின் கட்டுரை 'உயிரிகளின் தவறான நடத்தை'. நாணயத்தை உண்டியலில் போடப் பழக்கப்பட்ட ரக்கூன், போடாமல் இரண்டு நாணயங்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது. மர நாணயத்தைச் சுமந்துவரக் கற்ற பன்றி, அதை வழியில் போட்டு மூக்கால் கிளறியது. பரிசு தாமதமாகிறது, பசி மிகுகிறது. ஆனாலும் இனத்தின் இயல்பு விளைவை வென்றது. எதைக் கற்பிப்பது என்று முடிவெடுக்குமுன், கற்பது யார் என்று பார்க்க வேண்டும் என்பதை விலங்குக் காட்சி நடத்தியவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டனர்.

நூல் தன் புதிய முகவரியை அடைந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். வாஷிங்டன் மாநிலத்தில் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கண்புரையால் விழிவில்லைகள் அகற்றப்பட்டிருந்தன. கண்ணாடி அணியாவிட்டால் பார்வை நிலையாகப் பாதிக்கப்படும் என்று மருத்துவர் எச்சரித்தார். ஆட்டிசம் இருந்த அச்சிறுவன் கண்ணாடியைத் தொடவே மறுத்தான். 1964இல் வெளியான ஆய்வறிக்கையில் மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் ஆகியோர் தாங்கள் செய்ததைப் படிப்படியாக விவரித்தனர். முதலில் வில்லையில்லாத வெறுஞ்சட்டங்கள் அறையில் இங்கும் அங்கும் வைக்கப்பட்டன. எடுத்தால் பரிசு, கையில் வைத்திருந்தால் பரிசு, கண்ணருகே கொண்டுவந்தால் பரிசு. மிட்டாய் பலிக்கவில்லை, காலை உணவையே சிறுசிறு கவளங்களாகப் பரிசாக்கினர். கண்ணாடியைத் தூக்கி எறிந்தால் சிறிது நேரம் தனியறை. மாவு ஆலையில் புறாவுக்குச் செய்த அதே வனைதல்தான். சிறுவன் கண்ணாடியை அணிந்தான். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லும் பயிற்சியும் உடன் நடந்தது. அவன் பேசவும் தொடங்கினான். இந்த அறிக்கையைப் படிப்பவர் எவரும் முறையை எளிதில் பழித்துவிட முடியாது. பசித்த குழந்தையின் காலை உணவு ஆய்வாளர் கையில் இருந்தது என்பதையும் எளிதில் கடந்துவிட முடியாது.

அந்த இரண்டாவது செய்தி எவ்வளவு தொலைவு இட்டுச்செல்லும் என்பதை மறு ஆண்டே உலகம் கண்டது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐவர் லோவாஸ் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்துவந்தார். 1965 மே மாதம் 'லைஃப்' இதழ் அவருடைய பணியைப் படங்களோடு வெளியிட்டது. அதில் உணவும் அணைப்பும் இருந்தன. கத்தலும் அறையும் மின்னதிர்ச்சியும்கூட இருந்தன. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையைத் தடுக்க வேறு வழியில்லை என்பது அவருடைய வாதம். 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திசையையே மாற்றியது. நான்கு வயதுக்கு உட்பட்ட 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டாண்டுகளோ அதற்கு மேலோ பயிற்சி தரப்பட்டது. அவர்களில் 9 பேர் வழக்கமான முதல் வகுப்பை முடித்து, சராசரி நுண்ணறிவு ஈவையும் எட்டினர் என்றார். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதும், தொடையில் அறைவதும் முறையின் ஒரு பகுதியாக இருந்தது என்பதும் அக்கட்டுரையிலேயே உள்ளன. நம்பிக்கை தேடிய பெற்றோருக்கு அந்த ஒன்பது மட்டுமே கேட்டது.

இதற்கிடையே ஸ்கின்னரின் வகைப்பாட்டைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் வேறு பாதையில் சென்றனர். வெஸ்டர்ன் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மைக்கேலும் அவருடைய மாணவர்களும் ஓர் எளிய உண்மையை வற்புறுத்தினர்: படத்தைக் காட்டினால் 'தண்ணீர்' என்று சொல்லக் கற்ற குழந்தை, தாகம் எடுக்கும்போது அதைக் கேட்கும் என்பதற்கு உறுதியில்லை. பெயர் சொல்லுதல் ஒரு செயல், கேட்டுப் பெறுதல் இன்னொரு செயல். நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பெயர் தெரிந்தும் ஒன்றையும் கேட்கத் தெரியாத குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை அகராதி நோக்கில் பார்க்கும் மொழியியல் கவனிக்கவே இல்லை. இந்த ஓரிடத்தில் 'வெர்பல் பிஹேவியர்' தன் எதிரிகளைவிட நன்றாகப் பார்த்தது.

1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் அந்தப் பார்வையை இன்னும் ஒரு படி நகர்த்தினர். அடித்தல், கத்தல் போன்ற 'சிக்கலான நடத்தை' எதை ஈட்டித் தருகிறது என்று அவர்கள் முதலில் ஆராய்ந்தனர். சில குழந்தைகளுக்கு அது ஆசிரியரின் கவனத்தைப் பெற்றுத் தந்தது. சிலருக்குக் கடினமான பாடத்திலிருந்து விடுதலை தந்தது. பின்னர், கவனம் வேண்டியவருக்கு அதைக் கேட்கும் ஒரு தொடரையும், பாடம் கடினமானவருக்குப் புரியவில்லை என்று சொல்லும் ஒரு தொடரையும் கற்பித்தனர். சிக்கல் வெகுவாகக் குறைந்தது. தேவைக்குப் பொருந்தாத தொடரைக் கற்பித்தபோது குறையவில்லை. அதாவது அந்தக் கத்தல் ஒரு பேச்சு. அடிபட்டு நிறுத்தப்பட வேண்டிய குற்றமாக இருபது ஆண்டுகள் கருதப்பட்டது, கேட்கப்படாத ஒரு வேண்டுகோள்.

இக்கதையில் 2004 வரை, விளைவுகளைக் கையில் வைத்திருந்தவர்களே பேசினர். அவ்வாண்டு கனடாவின் உச்ச நீதிமன்றத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தீவிரப் பயிற்சியை அரசே வழங்க வேண்டும் என்று பெற்றோர் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தது. மிஷல் டாசன் என்ற பெண் அதில் தம் தரப்பையும் கேட்க வேண்டும் என்று இடையீட்டாளராக நுழைந்தார். அவர் ஆட்டிசம் உள்ளவர், ஆய்வாளர். அரசுக்கு அரசியலமைப்புக் கடமை இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் டாசன் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு 'நடத்தைவாதிகளின் தவறான நடத்தை'. பிரேலண்டுகளின் தலைப்பைத் திருப்பிப்போட்ட அவர், பிற துறைகளில் ஏற்க முடியாத அறநெறிக் குறைகள் ஆட்டிசம் என்றதும் ஏன் ஏற்கப்படுகின்றன என்று கேட்டார். கைகளை ஆட்டுவது, கண்ணோடு கண் பாராதது ஆகியவற்றை நீக்க வேண்டியவை என்று முடிவுசெய்தவர் யார் என்பது அக்கேள்வியின் உட்கிடை.

இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. பெருநகரங்களில் இத்தகைய பயிற்சி நிலையங்கள் பல இயங்குகின்றன. அவற்றின் மதிப்பீட்டுத் தாள்களில் 'மேண்ட்', 'டேக்ட்' என்ற சொற்களைப் பெற்றோர் வாசிக்கிறார்கள். அவை 1957ஆம் ஆண்டு நூலிலிருந்து வந்தவை என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. வீட்டில் தமிழோ வங்காளமோ பேசும் பெற்றோர், குழந்தை குழம்பிவிடும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று அறிவுறுத்தப்படுவதும் உண்டு. ஸ்கின்னரின் கோட்பாட்டின்படியே பார்த்தாலும் இந்த அறிவுரை தலைகீழானது. கேட்கும் சொல்லுக்கு விளைவு தருபவர்கள் பாட்டியும் அண்டைவீட்டாரும் என்றால், அவர்களுக்குப் புரியும் மொழியில்தான் அந்தச் சொல் நிலைக்கும்.

அந்த மதிப்பீட்டுத் தாள்களில் குழந்தை எத்தனை பொருள்களைக் கேட்கிறது என்று எண்ணப்படுகிறது: தண்ணீர், பிஸ்கட், பந்து. ஸ்கின்னரின் வரையறையில் 'வேண்டாம்' என்பதும் ஒரு மேண்ட்தான். நடப்பதை நிறுத்து என்று கேட்பது, நின்றால் வலுப்பெறுவது. பயிற்சி அறையில் அச்சொல்லைக் குழந்தை சொன்னதும் பயிற்சி நிற்குமா, அல்லது அது ஒத்துழையாமை என்று வேறொரு கட்டத்தில் குறிக்கப்படுமா என்பது நிலையத்துக்கு நிலையம் வேறுபடுகிறது. சேர்க்கைக்கு முன் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய செய்திதான் அது.